சிந்தசைசர் வழியாகப் பியானோவுக்கு

சிறுவயதில் ஆறு ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றேன். கல்லூரிக்குப் போனதும் அது நின்றுபோயிற்று. மீண்டும் இசைக்குள் வந்தபோது எனக்கு 38 வயது. கருவி ஒன்று ஒலியை எப்படி உண்டாக்குகிறது என்று அறியும் ஆசை வந்து, கோர்க் மினிலாக் என்னும் அனலாக் சிந்தசைசரை, அதாவது மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கி வடிவமைக்கும் கருவியை, ஒருவர் பயன்படுத்திய பின் வாங்கினேன். அதில் சிறிய அளவிலான 37 கட்டைகள் உண்டு. ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள் வரை ஒலிக்கும். அதிலுள்ள சிறு திரை, அந்த நொடியில் ஒலிக்கும் அலையின் வடிவத்தை வரைந்து காட்டிக்கொண்டே இருக்கும். இரம்பப் பல் போன்ற அலையை ஒலிக்கவிட்டு ஒலியின் கூர்மையை வடிகட்டும் ஃபில்டர் குமிழை மெல்லக் குறைத்தால், திரையில் கூர்முனைகள் மழுங்கும். காதில், அகாரத்தில் பாடிக்கொண்டிருந்தவர் உகாரத்துக்கு வாயைக் குவிப்பது போல் ஒலி மூடிக்கொள்ளும். ‘அ’ என்னும் உயிரொலியில் பாடிப் பழகும் அகார சாதகம் செய்த நாட்களில் தொண்டையாலும் உதட்டாலும் நான் செய்துகொண்டிருந்தது என்ன என்பது, அந்தத் திரையைப் பார்த்த இரவில்தான் எனக்குப் புரிந்தது.

கட்டைகளுக்கு இடப்புறம் ஒரு நகர்த்தி இருக்கிறது. அதைத் தள்ளினால் சுரம் மேலும் கீழும் வழுக்கும். விட்டால் தன் இடத்துக்குத் திரும்பும். தோடி ராகத்தில் அசைத்துப் பாடும் காந்தார சுரத்தை அதில் வரவழைக்க ஒரு மாதம் முயன்றேன். அசைவின் அகலத்தைவிட அதன் வேகமே கடினமாக இருந்தது. அசைவு கொஞ்சம் ஒரே சீராக அமைந்தாலும் அது கமகமாகக் கேட்காமல் வெறும் நடுக்கமாகக் கேட்டது. கோடையில் இன்னொன்றையும் கண்டேன். ஒலி அலையை உண்டாக்கும் சுற்றுகளான அனலாக் ஆசிலேட்டர்கள் வெப்பத்துக்கு இசைந்து சுருதி விலகுபவை. சென்னையில் மே மாத மதியம் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் வாசிப்பவர்கள், கருவியை இயக்கிச் சற்று நேரம் சூடேற விட்டு, அதன் தானியங்கிச் சுருதி சேர்ப்பை ஒருமுறை இயக்கிய பின் தொடங்குவது நல்லது.

ஓராண்டு கழித்து என் கைகளின் குறை தெரிந்தது. ஒலியை வடிவமைக்க வந்ததே தவிர, இரு கைகளாலும் நான்கு வரி வாசிக்க வரவில்லை. பியானோ ஆசிரியர் ஒருவரிடம் சேர்ந்தபோது, சிறிய கட்டைகளில் கை பழகாது என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் யமஹா பி-45 என்னும் டிஜிட்டல் பியானோ வாங்கினேன். 88 கட்டைகளும் எடையுள்ளவை. கீழ்ச்சுரங்களில் கனமாகவும் மேலே போகப்போக இலேசாகவும் இருக்கும். சுரத்தை நீடிக்க வைக்கக் காலால் மிதிக்கும், உடன் தரும் சிறிய மிதிப்பெட்டி மொசைக் தரையில் நழுவிக்கொண்டே போகும். அடியில் ரப்பர் விரிப்பு போட்ட பிறகுதான் நிலைத்தது.

மேற்கத்தியப் பயிற்சிகளோடு, ஆசிரியரின் அனுமதியுடன், மாயாமாளவகௌளை ராகத்தில் கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையையும் இரு கைகளிலும் வாசித்தேன். ஒரு கட்டைச் சுருதியில், அதாவது சி (C) எனப்படும் வெள்ளைக் கட்டையைச் சட்ஜமாகக் கொண்டால், வலக்கையில் மூன்று சுரங்களுக்குப் பின் கட்டைவிரல் உள்ளே புகுந்து மத்திமத்தைப் பிடிக்கும். இடக்கையில் பஞ்சமம் வரை ஐந்து விரல்களும் தீர்ந்ததும் நடுவிரல் தாண்டி வந்து தைவதத்தில் விழும். அந்தச் சுத்த தைவதம் கறுப்புக் கட்டை என்பதால் நடுவிரல் அங்கே இயல்பாகச் சேர்கிறது. குழந்தைப் பருவத்தில் மனப்பாடமான வரிசைகளைக் காது தானே திருத்திக்கொண்டதால், என் கவனம் முழுவதையும் விரல்களில் வைக்க முடிந்தது. பாட்டு கற்றுவிட்டுப் பியானோவுக்கு வருபவர்களுக்கு இந்த வழியை மனமாரச் சொல்வேன்.

பிறகு இரண்டு கருவிகளையும் இணைக்க விரும்பினேன். மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேச உதவும் மிடி (MIDI) என்னும் பொது மொழி 1983இல் வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த NAMM என்னும் இசைக்கருவிக் கண்காட்சியில், இரு வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களான ப்ராஃபெட் 600ஐயும் ஜூபிடர் 6ஐயும் கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்ததை மற்றொன்றில் ஒலிக்கச் செய்து காட்டினார்கள். என் சிந்தசைசரில் மிடி கேபிளைச் செருகும் ஐந்து முனைத் துளைகள் இருந்தன. பி-45இலோ யுஎஸ்பி மட்டுமே உண்டு. எனவே நடுவில் கணினியை வைக்க வேண்டியதாயிற்று, அதுவே எனக்கு நன்மையாக முடிந்தது. ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு விசையோடு இறங்கியது என்பதை மிடி 1 முதல் 127 வரையான எண்ணாக அனுப்புகிறது. சரளி வரிசையை வாசித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன்: கட்டைவிரல்கள் 90ஐ ஒட்டியும், இடக்கை மோதிர விரல் 50ஐ ஒட்டியும் இருந்தன. சீராக வாசிக்கிறேன் என்றே அதுவரை நம்பியிருந்தேன். ஆசிரியரிடம் அந்த எண்களைக் காட்டியபோது, கட்டையை அழுத்த வேண்டாம், கையின் எடையை அதன்மேல் இறக்குங்கள் என்று சொல்லி, மணிக்கட்டைப் பிடித்துத் தளர்த்திவிட்டார்.

அவர் வீட்டிலிருந்த உண்மையான பியானோவில் முதன்முதலாக வாசித்த நாளை மறக்க முடியாது. மிக மென்மையாகத் தொட்டேன். கட்டை இறங்கியது, ஒலி வரவில்லை. அங்கே கட்டை சுத்தியலைத் தந்தியை நோக்கி எறிகிறது. தந்தியைத் தொடும் முன்பே சுத்தியல் அதன் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. 1700 வாக்கில் ஃப்ளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி அமைத்த பொறியின் அடிப்படை அது. எறிந்த பின் அந்தச் சுரத்தின் உருவத்தை விரலால் மாற்ற வழியில்லை. அது எவ்வளவு நேரம் நீடிக்கலாம் என்பது மட்டுமே நம்மிடம் எஞ்சுகிறது. சிந்தசைசரிலோ சுரம் பிறந்த பிறகும் அதை வளைக்கலாம், மூடலாம், திறக்கலாம். இப்போது எனக்குத் தினமும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. முதல் நாற்பது நிமிடம் பியானோ, மீதி சிந்தசைசர். இடக்கை மோதிர விரல் 70ஐத் தொட்டிருக்கிறது. தோடியின் காந்தாரத்தையும் விடவில்லை. நகர்த்தியை இப்போது கட்டைவிரலால் தள்ளாமல், மணிக்கட்டைத் தளர்த்தி, கையின் எடையால் அசைத்துப் பார்க்கிறேன்.