ஒய்″ கண்டுபிடிப்பதில் குழப்பம்: எனக்கு −1/4 வருகிறது, விடை −25/64

கேள்வி
எக்ஸ்² + ஒய்² = 25 என்ற வட்டத்தில் (3, 4) புள்ளியில் ஒய்″ (இரண்டாம் வரிசை வகைக்கெழு) மதிப்பு கேட்டிருக்கிறார்கள். முதல் வகைக்கெழு வரை சிக்கல் இல்லை: ஒய்′ = −எக்ஸ்/ஒய், அதாவது −3/4. அதை மறுபடி வகையிட்டால் −1/ஒய் கிடைக்கிறது, மதிப்பு −1/4. விடைப்பகுதியில் −25/64 என்று இருக்கிறது. நேராக −3/4-ஐ வகையிட்டால் பூஜ்ஜியம். (ஒய்′)² எடுத்தால் 9/16. எதுவும் ஒத்துவரவில்லை. எங்கே பிசகுகிறது?

பதில்
விடைப்பகுதி சரிதான். −எக்ஸ்/ஒய்-ஐ வகையிடும்போது கீழே இருக்கும் ஒய்யை மாறிலியாக எடுத்துவிட்டீர்கள். எக்ஸ் மாறினால் ஒய்யும் கூடவே மாறும். அதனால் வகுத்தல் விதி வேண்டும்:

ஒய்″ = −(ஒய் − எக்ஸ்·ஒய்′)/ஒய்²

இப்போது 3, 4, −3/4 மூன்றையும் போடுங்கள். அடைப்புக்குள் 4 + 9/4 = 25/4, கீழே 16. ஆக −25/64.

பூஜ்ஜியம் வந்ததற்குக் காரணம் வேறு. −3/4 என்பது அந்த ஒரு புள்ளியின் சாய்வு. எண்ணாகிவிட்ட பிறகு அதில் வகையிட என்ன இருக்கிறது? கேட்ட வரிசை வரை வகையிட்டு முடித்த பிறகுதான் எண்ணைப் போட வேண்டும். அப்புறம், (ஒய்′)² சாய்வின் வர்க்கம். ஒய்″ சாய்வு மாறும் வீதம். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு பதில்
எனக்கு இங்கே வகுத்தல் விதியே பிடிக்காது, குறியில் கை தவறும். எக்ஸ் + ஒய்·ஒய்′ = 0 என்று பின்னம் இல்லாமல் வைத்துக்கொண்டு அப்படியே வகையிடுங்கள்:

1 + (ஒய்′)² + ஒய்·ஒய்″ = 0

மதிப்புகளைப் போட்டால் 1 + 9/16 + 4ஒய்″ = 0. வேலை முடிந்தது. மூன்றாம் வரிசை கேட்டாலும் இதே சமன்பாட்டை இன்னொரு முறை வகையிட்டால் போதும். பின்னத்தோடு போனால் பக்கம் பக்கமாக நீளும்.

குறி சரியா என்று படத்தை வைத்தே பார்த்துவிடலாம். (3, 4) வட்டத்தின் மேல் பாதியில் இருக்கிறது. அங்கே வளைவு கீழ்நோக்கிக் குழிவு, எனவே ஒய்″ குறை எண்ணாகத்தான் வரும்.

கேட்டவர்
புரிந்தது, இருவருக்கும் நன்றி. மூன்றாம் வரிசையும் போட்டுப் பார்த்தேன்: 3ஒய்′·ஒய்″ + ஒய்·ஒய்‴ = 0. அதிலிருந்து ஒய்‴ = −225/1024. சரியா?

இன்னொரு பதில்
சரி. (ஒய்′)²-இலிருந்து 2ஒய்′·ஒய்″, ஒய்·ஒய்″-இலிருந்து இன்னொரு ஒய்′·ஒய்″. அந்த 3-ஐப் பலர் 2 என்றே விட்டுவிடுவார்கள். அடுத்து (3, −4)-இல் போட்டுப் பாருங்கள். ஒய்″ அங்கே +25/64 வர வேண்டும்.