பக்கெட் சீட் மாட்டியபின் ஏர்பேக் விளக்கு அணையவில்லை, ஸ்லைடரும் ஒரு பக்கம்தான் பூட்டுகிறது – உதவி தேவை

வளைவுப்பிரியன்:

வணக்கம் நண்பர்களே. வண்டி டொயோட்டா 86, முதல் தலைமுறை. ஓட்டுநர் பக்கம் மட்டும் கம்பெனி சீட்டைக் கழற்றிவிட்டு, முதுகு சாயாத பக்கெட் சீட் ஒன்று போட்டிருக்கிறேன். ஃபைபர் கூடு, பக்கவாட்டில் போல்ட் போடும் வகை. தரையில் பிராக்கெட், அதன்மேல் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடர் ஜோடி, அதற்கும் மேல் எல் வடிவப் பக்கத் தகடுகள், அதில் சீட்.

சாவியைப் போட்டதும் எஸ்ஆர்எஸ் (ஏர்பேக்) விளக்கு எரிகிறது, அணைவதே இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்தேன். பழைய சீட்டுக்கு அடியில் இருந்த கனெக்டர்களில் பெல்ட் பக்கிளுக்குப் போவதைத் திரும்பச் செருகிவிட்டேன். மஞ்சள் கனெக்டர் சும்மா தொங்குகிறது. அதில் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகினால் விளக்கு அணைந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். செய்யலாமா?

அப்புறம் ஸ்லைடர். கைப்பிடிக் கம்பியைத் தூக்கினால் கதவுப் பக்கம் விடுபடுகிறது, டன்னல் பக்கம் (வண்டியின் நடுவில் தரை மேடாக இருக்கும் பக்கம்) பிடித்துக்கொண்டு நிற்கிறது. எப்படியோ தள்ளி நிறுத்தினால் ஒரே ஒரு 'டிக்'தான் கேட்கிறது. பிரேக்கை அழுத்தும்போது சீட் லேசாகக் கோணுவது உடம்பில் தெரிகிறது.

இன்னொன்று, சீட்டுக் கூட்டுக்கும் டன்னலுக்கும் நடுவில் பக்கிள் புதைந்துவிட்டது. விரலை விட்டுத் துழாவித்தான் பெல்ட்டை மாட்ட வேண்டியிருக்கிறது. பெல்ட் நீட்டிப்புத் துண்டு ஒன்று வாங்கிச் செருகினால் போதுமா?

ஸ்பேனர்செட்:

முதலில் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். விளக்கை எல்லோரும் முதலில் கேட்பார்கள், ஏனென்றால் அது கண்ணை உறுத்தும். ஆனால் ஸ்லைடர் ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால், மோதும்போது உங்கள் எடையும் சீட்டின் எடையும் சேர்ந்து ஒற்றை ரெயிலில் இறங்கும். இது சரியாகாமல் மற்ற எதைப் பேசியும் பயனில்லை.

பெரும்பாலும் காரணம் ரெயில்கள் இணையாக இல்லாததுதான். பக்கத் தகடுகளுக்கு இடையே உள்ள அகலமும் உங்கள் சீட்டுக் கூட்டின் அகலமும் அப்படியே பொருந்திவிடாது, சில மில்லிமீட்டர் இடைவெளி விழும். அந்த இடைவெளியை போல்ட்டை முறுக்கியே மூடிவிட்டால், தகடு உள்பக்கம் சாயும், அதோடு ரெயிலும் சாயும். கோணலாகத் தள்ளிய மேசை இழுப்பறை மாதிரி ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளும். ஃபைபர் கூட்டுக்கும் இது கெடுதல்: உள்ளே பதித்திருக்கும் நட்டைச் சுற்றி நாளடைவில் கீறல் விடும்.

டேப்பை எடுத்து இரண்டு ரெயில்களுக்கும் நடுவில் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுத்துப் போடுங்கள். அப்படியே சீட்டை வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, ஸ்லைடரைப் பிராக்கெட்டோடு சேர்க்கும் போல்ட்களின் வால் ரெயிலுக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

வளைவுப்பிரியன்:

அளந்துவிட்டேன். பின்னால் இருப்பதைவிட முன்னால் 4 மில்லிமீட்டர் குறைவு. நீங்கள் சொன்ன போல்ட் வால் விஷயமும் சரிதான். டன்னல் பக்க ஸ்லைடரில் நடு போல்ட் ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. நுனியில் புதுசாகப் பளபளவென்று உரசிய தடம் இருக்கிறது. பிராக்கெட்டோடு வந்த போல்ட்தான் அது.

ஸ்பேனர்செட்:

அந்தப் பளபளப்புதான் குற்றவாளி. பிராக்கெட்டோடு வரும் போல்ட் எல்லா ஸ்லைடருக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே விட்டம், அதே புரி, அதே தரம், ஆனால் நீளம் மட்டும் குறைவாக ஒன்று போடுங்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்ற வலிமைக் குறி பொறித்திருக்க வேண்டும். ஒன்றுமே பொறிக்காத போல்ட் சீட்டுக்கு அடியில் வேண்டவே வேண்டாம். வாலை அறுத்துச் சரிசெய்யலாம் என்றும் தோன்றும், ஆனால் அறுத்த நுனியில் புரி கெட்டால் நட் பாதியிலேயே இறுகி நின்றுவிடும். புதுசு வாங்குவதே நல்லது.

4 மில்லிமீட்டருக்கு, கூட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் எஃகு வாஷர் போட்டு இடைவெளியை நிரப்புங்கள். இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டால் சீட் நடுவில் நிற்கும். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் முடுக்கி, சீட்டை முழுதாக முன்னால், முழுதாகப் பின்னால் என்று நகர்த்துங்கள், ரெயில் தானாகவே தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, குறுக்கும் நெடுக்குமாக முறுக்க வேண்டும். 8.8 தர எம்8 போல்ட்டுக்குப் பொதுவாக 25 நியூட்டன் மீட்டர் அளவு வரும். ஆனால் கூட்டில் பதித்த நட்டுக்கு சீட் தயாரித்தவர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் சட்டம். தரையில் இறங்கும் போல்ட்டுக்கு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் அளவு.

முடிந்ததும் கைப்பிடிக் கம்பியையும் பாருங்கள். அது ஒரு பக்கம் வளைந்திருந்தால் ஒரு பூட்டு முந்தும், மற்றது பிந்தும். விடும்போது இரண்டு 'டிக்' கேட்க வேண்டும். கேட்டபின் கால்களைத் தரையில் ஊன்றி முதுகால் பின்னுக்குத் தள்ளுங்கள், பிறகு முன்னுக்கு இழுங்கள். துளிகூட அசையக் கூடாது.

ரெட்லைன்:

ப்ரோ, பக்கிள் தொல்லைக்கு ஏன் இவ்வளவு யோசனை? பக்கெட் சீட்டே நாலு முனை ஹார்னஸுக்காகத்தான் (பந்தயப் பெல்ட்) செய்கிறார்கள். பின் சீட் பெல்ட் போல்ட்டில் தோள் பட்டைகளைக் கட்டிவிட்டு ஹார்னஸ் போடுங்கள். பார்க்கவும் அழகு.

பழையஇரும்பு:

அழகு சரி தம்பி, ஆனால் அந்த யோசனை ஆபத்தானது. தோள் பட்டை சீட்டுக்குப் பின்னால் இறங்கும் கோணத்துக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியிலேயே எல்லை இருக்கிறது: கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் சரியக் கூடாது, முடிந்தவரை கிடைமட்டத்தை ஒட்டி இருப்பது நல்லது. பின் சீட்டின் பெல்ட் போல்ட் அடியில் இருக்கிறது. அங்கே கட்டினால் பட்டை தோளைத் தாண்டிச் செங்குத்தாகக் கீழே இறங்கும். மோதலில் அது உங்களைப் பின்னால் பிடித்து நிறுத்தாது, தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கும்.

தொடைகளுக்கு நடுவில் வரும் பட்டை இல்லாத நாலு முனை ஹார்னஸில் இன்னொரு கோளாறு. தோள் பட்டை இறுகும்போது இடுப்புப் பட்டையை மேலே இழுக்கும், இடுப்பு அதற்கடியில் நழுவும், பட்டை வயிற்றில் ஏறும். அதோடு ரோல் பார் (கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் கம்பி) இல்லாத வண்டியில் உடம்பை நிமிர்ந்தபடி கட்டிப்போட்டால், வண்டி உருண்டு கூரை இறங்கும்போது தலை ஒதுங்க வழியில்லை. சாலைக்கு வண்டியோடு வந்த மூன்று முனை பெல்ட்தான். ரோல் பார், ஆறு முனை ஹார்னஸ், சரியான சீட் எல்லாம் ஒன்றாக வந்தால் பந்தயத் தளத்தில் அது வேறு கதை.

ரெட்லைன்:

ரோல் பார் விஷயம் யோசிக்கவில்லை அண்ணே. வாபஸ்.

நாலாவதுகியர்:

பக்கிளுக்கு வருகிறேன், எனக்கு இந்த இழையில் முக்கியமாகப் படுவது அதுதான். நீட்டிப்புத் துண்டு வேண்டாம். அது பக்கிளை மேலே கொண்டுவரும், நிஜம். ஆனால் கொண்டுவந்து வயிற்றின் மேல் வைத்துவிடும். பக்கிள் இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், தாழ்வாக இருக்க வேண்டும்.

உங்கள் சீட்டின் இடுப்புப் பகுதியில் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறதா? இருந்தால் பக்கிள் அந்த ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்க்கும்படி அமைய வேண்டும். அதற்கு ஏற்ற பக்கிள் தாங்கி, பக்கத் தகட்டிலோ ஸ்லைடரிலோ இருக்க வேண்டும். சீட் நகரும்போது பக்கிளும் கூடவே நகர வேண்டும் என்பதால் தரையில் தனியாக ஓட்டை போட்டு மாட்டுவது சரிவராது.

போல்ட்டில் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான கார்களில் பெல்ட் நங்கூர போல்ட் மெட்ரிக் அளவில் இருக்காது, 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி, அதாவது யுஎன்எஃப் என்ற அங்குலப் புரி வகை. கண்ணுக்கு எம்11, எம்12 மாதிரியே தெரியும், முதல் சுற்று ஏறுவது போலவும் இருக்கும், அப்புறம் புரியை நாசம் செய்துவிடும். பழைய போல்ட்டையே பயன்படுத்துங்கள். அதன் கழுத்தில் புரி இல்லாத ஒரு தோள்பட்டைப் பகுதியும் அலை போல் வளைந்த வாஷரும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். முழுதாக முறுக்கிய பிறகும் பக்கிள் முன்னும் பின்னும் ஆடுவது அதனால்தான். ஆடாமல் இறுகிவிட்ட பக்கிள் மோதலில் மடங்கி உடையும்.

மாட்டி முடித்ததும் உட்கார்ந்து பெல்ட்டைப் போடுங்கள். இடுப்புப் பட்டைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். சீட்டின் மேடான விளிம்பில் பட்டை ஏறிப் பாலம் போட்டிருந்தால் அங்கே வெற்றிடம் தட்டும். மோதும்போது விளிம்பு நசுங்கும், அந்த இடைவெளி அவ்வளவும் தளர்ச்சியாக மாறும். கதவுப் பக்கத்தையும் பாருங்கள், பலர் பக்கிள் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். தோளில் வரும் பட்டை சீட்டின் தோள் இறக்கையில் படாமல், தோளின் நடுவில் கிடக்க வேண்டும். இதற்கு ஒத்துவராத கூடு எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் சாலை வண்டிக்கு ஆகாது.

வளைவுப்பிரியன்:

ஓட்டை இருக்கிறது. சீட்டில் எஃப்ஐஏ 8855-1999 தர முத்திரை ஒட்டியும் இருக்கிறது, ஆனால் தயாரித்த ஆண்டு பழசு. அது பிரச்சினையா?

பழையஇரும்பு:

அந்தத் தரத்துக்கு 5 ஆண்டு ஆயுள், 8862-2009க்கு 10. அது போட்டிச் சோதனையில் நிற்பவர்களுக்கான கணக்கு. உங்களுக்கு முக்கியம், கூட்டில் கீறல் இருக்கிறதா, உள்ளே பதித்த நட் அசைகிறதா என்பதுதான். துணியை விலக்கி, போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விளக்கடித்துப் பாருங்கள்.

ஸ்பேனர்செட்:

இனி விளக்கு. மஞ்சள் கனெக்டர் பழைய சீட்டுக்குள் இருக்கும் பக்க ஏர்பேக்குக்குப் போவது. அந்த ஏர்பேக் இப்போது வண்டியில் இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டி சுற்றின் மின்தடையைச் சோதிக்கிறது, ஒன்றும் கிடைக்கவில்லை, விளக்கைப் போடுகிறது. ரெசிஸ்டர் செருகினால் ஏர்பேக் இருப்பதாக நம்பும், அவ்வளவுதான். பக்கவாட்டு மோதலில் உங்கள் விலாவுக்குக் காவல் இல்லை என்பது மாறாது. வண்டியை விற்கும்போது அடுத்தவருக்கு அது தெரியவும் தெரியாது.

ஆனால் விளக்கை எரியவிட்டு ஓட்டுவதும் சரியல்ல. கோளாறு பதிவான நிலையில் முன் ஏர்பேக்கும் பெல்ட்டை இறுக்கும் கருவியும் வேலை செய்யாமல் போகலாம், நாளைக்கு வேறு கோளாறு வந்தால் அதே விளக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். உங்கள் ஊரில் பரிசோதனை விதி எப்படி, காப்பீடு என்ன சொல்கிறது என்று விசாரித்து முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், அன்றாடம் ஓட்டும் வண்டி என்றால் கம்பெனி சீட். தளத்துக்குப் போகும்போது பக்கெட்.

மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிக் காத்திருங்கள். வண்டிக்கு வண்டி 60 விநாடி, 90 விநாடி என்று இருக்கும், நான் 10 நிமிடம் விட்டுவிடுவேன். நடுவில் சீட் இல்லாமல் சாவியைப் போட்டால் கோளாறு பதிவாகிவிடும். எஸ்ஆர்எஸ் படிக்கத் தெரிந்த ஸ்கேனர்தான் அதை அழிக்கும், எஞ்சின் கோளாறு மட்டும் படிக்கும் சின்ன ஓபிடி கருவியால் முடியாது. ஏர்பேக்கின் முனையில் மல்டிமீட்டரை மட்டும் வைத்துவிடாதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கக்கூடும்.

வளைவுப்பிரியன்:

குட்டை போல்ட் போட்டு, பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் வாஷர் வைத்ததும் ஸ்லைடர் வெண்ணெய் போல் ஓடுகிறது, 'டிக் டிக்' இரண்டும் தெளிவாகக் கேட்கிறது. பக்கிள் தாங்கி வந்தபின் ஓட்டை வழியாக மாட்டிப் பார்த்தேன், டன்னல் பக்கம் விரல் நுழையவில்லை. கதவுப் பக்கம் விளிம்பு சற்று உயரம், பட்டை அங்கே கொஞ்சம் தூக்கிக்கொள்கிறது. பக்கத் தகட்டில் மேல் ஓட்டைக்கு மாற்றி சீட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் குறையுமா?

நாலாவதுகியர்:

குறையாது, கூடும். விளிம்பும் சீட்டோடு சேர்ந்து மேலே போகும், பட்டை கிளம்பும் இடம் மட்டும் கீழேயே நிற்கும். எதிர்த்திசையில் போங்கள்: ஒரு ஓட்டை இறக்குங்கள், பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தாழ்வாக. ஸ்டீயரிங் மேல் விளிம்பைத் தாண்டி சாலை தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் தூக்கினால் பட்டையின் கீழ் முனையைக் கழற்றி, கதவுப் பக்க ஓட்டை வழியாக நுழைத்து, அதே போல்ட்டால் அதே இடத்தில் மாட்டுங்கள். பட்டை முறுக்கிக்கொள்ளாமலும், ஓட்டையின் விளிம்பில் உரசாமலும் இருக்க வேண்டும்.

வளைவுப்பிரியன்:

இறக்கியது போதவில்லை, ஓட்டை வழியாக நுழைத்ததும் சரியாகப் படிந்துவிட்டது. தினமும் ஓட்டக் கம்பெனி சீட்டையே திரும்ப மாட்டிவிட்டேன். ஸ்கேனரில் அழித்தபின் விளக்கும் அணைந்துவிட்டது. பக்கெட் இனி தளத்துக்கு மட்டும். பக்கத்து சீட்டுக்கும் இதே மாதிரி ஒன்று வாங்கலாமா என்று ஒரு ஆசை இருக்கிறது.

ஸ்பேனர்செட்:

அந்தப் பக்கம் சீட்டுக்குள் ஆள் எடையை உணரும் சென்சார் இருக்கலாம், வண்டி எந்த நாட்டுக்காகச் செய்தது என்பதைப் பொறுத்தது. அது இருந்தால், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முன் ஏர்பேக்கை விடுவதா வேண்டாமா என்று பெட்டி முடிவு செய்கிறது. அதைப் பிடுங்கினால் ரெசிஸ்டர் கதையெல்லாம் எடுபடாது. அந்த சீட்டை விட்டுவிடுங்கள்.