பச்சோந்திக்குப் பசியாறல் எத்தனை மணிக்கு?

தடிக்கா (பாலர் பள்ளி) டீச்சர், சுங்கை சிப்புட், மலேசியா:

காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்குக் கிளம்பும்போதே, ஆறு மணிக்கெல்லாம் தீனியைப் போட்டுவிட்டுப் போகலாமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாங்க. ஆறு மணிக்கு நம்ம ஊர் இருட்டு. 1982-இல் மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரத்தை சபா சரவாக்கோடு சேர்க்க அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள் இல்லையா, அன்றிலிருந்து சூரியன் எட்டிப் பார்க்கவே ஏழுக்கு மேல் ஆகிறது. பச்சோந்திக்கு நம்ம கடிகாரம் தெரியாது.

எங்கள் வீட்டில் இருப்பது ஏமன் பச்சோந்தி, உச்சந்தலையில் கொண்டை தூக்கி நிற்குமே, அந்த ஜாதி. வளர்க்கிறேன் என்று பெயர் வாங்கியது தம்பி, தீனி போடுவது நான். தடிக்கா விடுமுறை நாட்களில் அஞ்சடியில், அதாவது வாசல் நடையில், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். கூண்டில் சூட்டு விளக்கைப் போட்டதும் வெளிறிப்போன பச்சையில் கிளையோடு ஒட்டிக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் விளக்குப் பக்கமாக உடம்பைப் பலகை மாதிரி தட்டையாக்கிக்கொண்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் கருக்க வைக்கும். சூட்டை இழுத்துக்கொள்ளத்தான் அந்தக் கருப்பு. அதற்குத் தனியாக உடம்புச் சூடு கிடையாது. கிளையில் 30 டிகிரி வாக்கில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் காய்ந்த பிறகுதான் வயிறு வேலை செய்யும். கருப்பு வடிந்து நிறம் தெளிந்து, ஒரு கண் என் கையிலுள்ள டப்பாவையும் மறு கண் பூனையையும் பார்க்க ஆரம்பித்தால் எனக்குப் புரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரை ஆகியிருக்கும். அதற்கு முன்னால் இலைகளில் தண்ணீர் தெளிப்பதோடு சரி. கிண்ணத்தில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது, இலையில் தொங்கும் சொட்டைத்தான் நக்கும்.

"ஆறு மணிக்குப் போட்டாலும் டப்பென்று நாக்கை நீட்டிப் பிடிக்குதே" என்பார்கள். பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. 2010-இல் தென் புளோரிடா பல்கலைக்கழகத்தில் இதே ஏமன் பச்சோந்தியை வைத்துச் சோதித்தார்கள். 15 டிகிரிக் குளிரிலும் நாக்கு பாயும் வேகம் அதிகம் குறையவில்லை, திரும்ப உள்ளே இழுப்பதுதான் மிகவும் மந்தமானது. பாய்கிற நாக்கு நாணை இழுத்துவிட்ட வில் மாதிரி, முன்கூட்டியே இறுக்கி வைத்த விசையில் போகிறது. ஆகவே நாக்கு நீண்டுவிட்டது என்பதால் வயிறும் தயார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்த வயிற்றுக்குள் போன பூச்சி செரிக்காமல் கிடக்கும், சிலது வெளியே தள்ளிவிடும்.

குட்டியாக இருந்தால் தினமும் இரண்டு மூன்று வேளை, வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசி வேளை எதுவானாலும் மூன்று மணிக்குள் முடியட்டும். விளக்கு அணைவதற்குள் செரிக்க நேரம் வேண்டுமே.

செம்பனை லோரி:

டீச்சர் சொல்வது சரி. நான் விடியுமுன் லோரி எடுக்கிற ஆள், அதனால் அம்மாதான் போடுவாங்க. ஒருநாள் மத்தியானம் போன் பண்ணி, "டேய், இது வாயைப் பொளந்துகிட்டே இருக்கு, பசி போல, இன்னும் நாலு போடவா?"ன்னாங்க. தகரக் கூரை, ஒரு மணி வெயில். சூடு தாங்காமல்தான் வாயைத் திறந்து வச்சிருக்கு. தீனி போடாதீங்கம்மா, விளக்கை அணைச்சுட்டு கூண்டை நிழலுக்கு இழுத்து தண்ணி தெளிங்கன்னேன். கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கிச்சாம். அதிலிருந்து எங்க வீட்டில் பதினோரு மணிக்கு மேல் தீனி கிடையாது.

இன்னொன்று. செம்பனைக் காட்டுக்குள் புல்லில் பிடிச்ச வெட்டுக்கிளியைப் போடாதீங்க, களைக்கொல்லி அடிச்ச இடம். கடையில் சிள்வண்டுப் பூச்சியை செங்கெரிக்னு கேட்டு வாங்கி, ஒருநாள் அதுக்குச் சாவிக் கீரையும் கேரட்டும் தின்ன விட்டு அப்புறம் போடுங்க.

ஷிப்ட் தம்பி:

அக்கா, நான் மதியம் இரண்டு மணிக்கு ஃபேக்டரிக்குப் போய் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வருவேன். வந்ததும் விளக்கைப் போட்டுத் தீனி கொடுத்தால்? பக்கத்து லோரோங்கில் (சந்தில்) ஒரு அண்ணன் சாயங்காலமே பத்துப் பதினைந்து செங்கெரிக்கைக் கூண்டுக்குள் விட்டுவிடுகிறார், எப்போது வேண்டுமோ அப்போது தின்னட்டும் என்று.

தடிக்கா டீச்சர்:

தம்பி, உனக்குத்தான் ரொம்ப வசதி! காலையில் வீட்டில்தானே இருக்கிறாய், எழுந்து பத்து மணிக்குப் போடு. ராத்திரியில் எழுப்பாதே, அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும். அந்த அண்ணனிடம் சொல், பச்சோந்தி தூங்கும்போது மிச்சமிருக்கும் செங்கெரிக் பசியில் அதன் தோலையே கடிக்கும். பானக் குப்பியின் வாயை அறுத்துக் கிளையில் கட்டி, பூச்சியை அதற்குள் போட்டால் வழுக்கி வழுக்கி உள்ளேயே கிடக்கும். தின்றது எத்தனை என்றும் எண்ணலாம், சாயங்காலம் மிச்சத்தை எடுத்துவிடலாம். பூச்சி அதன் இரு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. போடுமுன் கால்சியம் பொடியில் ஒரு குலுக்கு.

அக்டோபர், நவம்பரில் காலையிலேயே மூடிக்கொண்டு மழை பெய்தால் பத்தரை, பதினொன்று வரை தள்ளிப் போடு. கரண்டு போய் விளக்கும் இல்லையென்றால் அன்றைக்கு விட்டுவிடு. வளர்ந்தது ஒருநாள் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் மட்டும் தெளித்துவிடு.