சப்போரோ பனித் திருவிழா: வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்பினால் போதுமா?

கேள்வி – ஹனேடாவாசி

வணக்கம். டோக்கியோவில் வேலை பார்க்கும் நாங்கள் ஐந்து பேர், ஜப்பானின் வடக்கே சப்போரோவில் நடக்கும் பனித் திருவிழாவுக்குப் போகலாம் என்று மூன்று வருடமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். இந்த பிப்ரவரியில் போயே தீருவது என்று முடிவு. ஆனால் யாருக்கும் லீவு இல்லை, வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு வீடு வந்து சேர வேண்டும். ஒருவன் ஷின்கான்சென் அதிவேக ரயிலில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இரண்டு பேர் சைவம். சப்போரோ ஓட்டல் வாடகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பனியில் நடந்து பழக்கமும் கிடையாது. இரண்டு நாளுக்கு இவ்வளவு செலவு தகுமா?

பதில் – வடக்குத்தெரு

தாராளமாகத் தகும். நான்கு குளிர்காலம் அங்கே இருந்தவன் சொல்கிறேன்.

முதலில் அந்த ஷின்கான்சென் நண்பருக்கு: அது இன்னும் சப்போரோ வரை போகவில்லை. ஷின்-ஹகோதாதே-ஹொகுதோ ஸ்டேஷனில் இறங்கி வேறு ரயில் பிடித்து இன்னும் மூன்றரை மணி நேரம் உட்கார வேண்டும், ஆக மொத்தம் எட்டு மணி நேரம் போய்விடும். விமானம் என்றால் ஷின் சிதோசே விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து ரயிலில் நாற்பது நிமிடம்.

ஓட்டலைச் சப்போரோவில்தான் பார்க்க வேண்டும் என்று இல்லை. விமான நிலையத்தை ஒட்டிய சிதோசே ஊரில் தேடுங்கள், சப்போரோவுக்கு அரை மணி நேரம்தான், வெள்ளி இரவு இறங்கியதும் போய்ப் படுத்துவிடலாம்.

திருவிழாவின் முக்கிய இடம் ஓதோரி பூங்கா. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம், கட்டணம் கிடையாது. 1950இல் பள்ளி மாணவர்கள் ஆறு சிலைகள் செய்து வைத்ததுதான் தொடக்கம். 1955இல் ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படையினர் கைகொடுத்த பிறகு சிலைகள் பிரம்மாண்டமாகிவிட்டன, இப்போது பெரியவை 15 மீட்டர் உயரம்கூட இருக்கும். பூங்காவுக்குள் கூட்டம் ஒரே திசையில்தான் நகரும், ஒன்றைத் தவறவிட்டால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இரண்டு தடவை பாருங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூட்டமில்லாமல் ஒரு முறை, இரவில் ஒரு முறை. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். நடுவில் மதியம் பக்கத்துத் துறைமுக ஊரான ஒதாருவுக்குப் போய் வரலாம், ரயிலில் நாற்பது நிமிடம்தான், வலது பக்கம் உட்கார்ந்தால் ஜன்னலை ஒட்டியே கடல் வரும். தேதி ஒத்துவந்தால் அங்கே கால்வாயோரம் மெழுகுவத்தி ஏற்றும் விழாவையும் பார்க்கலாம். எனக்கு இந்தப் பெரிய சிலைகளைவிட அதுதான் பிடிக்கும், அடிக்க வராதீர்கள்.

ஞாயிறு கடைசி விமானத்தை மட்டும் எடுக்காதீர்கள். பனி பிடித்துக்கொண்டால் ரத்து செய்துவிடுவார்கள். அடுத்த விமானம் திங்கள் காலைதான், அதுவும் இடம் இருந்தால். மதியமே கிளம்பிவிடுங்கள்.

பதில் – சறுக்கிவிழுந்தவள்

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நடையைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.

புதுப்பனி ஆபத்தில்லை, மணலில் நடக்கிற மாதிரி இருக்கும். பகலில் லேசாக உருகி, ராத்திரி உறைந்து, கார் டயர்கள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருக்கும் பாருங்கள், சாலையைக் கடக்கும் இடத்து வெள்ளைக் கோடுகள், அங்கேதான் எல்லாரும் விழுவது. காலடியைச் சின்னதாக வைத்து, பாதம் முழுவதும் படும்படி நடங்கள். கையைப் பாக்கெட்டுக்குள் விடாதீர்கள், விழுந்தால் ஊன்ற வேண்டுமே! ஷூவில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை அங்கே கன்வீனியன்ஸ் ஸ்டோரிலேயே கிடைக்கும். கடைக்குள் நுழையும்போது மட்டும் கழற்றிவிடுங்கள், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும். தெருமுனைப் பெட்டிகளில் மணல் பை இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாம்.

இன்னொன்று, சப்போரோ ஸ்டேஷனிலிருந்து ஓதோரி வழியாகச் சுசுகினோ கடைவீதிப் பகுதி வரை தரைக்கு அடியிலேயே நடந்து போய்விடலாம். சுசுகினோவில் ஐஸ் சிற்பங்கள் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

ஒரே தடிமனான கோட்டை நம்பாதீர்கள். ரயிலிலும் கடையிலும் ஹீட்டர் கொளுத்தும், வியர்த்து, அந்த ஈரத்தோடு வெளியே வந்தால் நடுங்கிவிடுவீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, தேவைக்குக் கழற்றுங்கள். உடையில் ஒட்டும் கைரோ சூட்டுப் பையை இடுப்புப் பக்கம் ஒட்டுங்கள். போனை உள்பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும்.

பதில் – வேற்றுக்கருத்து

நான் மாற்றிச் சொல்கிறேன். உங்களுக்கு இருப்பது இரண்டே நாள், கையிலும் காசு குறைவு, பின் எதற்குச் சப்போரோ? நீகாதா மாகாணத்தில் தோகாமாச்சி ஊரின் பனித் திருவிழா இருக்கிறதே, அதுவும் 1950இல் தொடங்கியதுதான். ஊர்க்காரர்கள் அவரவர் தெருவில் சிலை செய்து வைப்பார்கள். இரண்டு மீட்டர் பனி குவிவது அங்கே சாதாரணம். ஷின்கான்சென்னில் போய் எச்சிகோ-யுசாவா ஸ்டேஷனில் மாறிக்கொண்டால் டோக்கியோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். உங்கள் ஷின்கான்சென் நண்பரும் மனம் குளிர்வார்.

பதில் – காய்கறிக்காரன்

சைவர்களுக்கு: மிசோ ராமென் (சோயா விழுது போட்ட நூடுல்ஸ் சூப்) என்றதும் ஏமாந்துவிடாதீர்கள், சாற்றில் பன்றி எலும்போ கோழியோ இருக்கும். சப்போரோவின் சொந்தச் சரக்கான சூப் கறியிலும் (ரசத்துக்குக் கொஞ்சம் மேலே, குழம்புக்குக் கொஞ்சம் கீழே) காய்கறி வகை என்று எழுதியிருந்தாலும் சாறு பெரும்பாலும் கோழியில்தான், கேட்டுவிட்டு உட்காருங்கள். ஓதோரிக் கடைகளில் வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கும் சூடான பாலும் கிடைக்கும், ஒரு நாள் அதிலேயே ஓட்டியிருக்கிறேன்.

ஹனேடாவாசி (பிப்ரவரியில்)

போய்விட்டு வந்தோம், எல்லாருக்கும் நன்றி. சிதோசேவில் தங்கினோம், கணிசமாக மிச்சம். ஐந்து பேரில் முள்பட்டை வாங்காதவன் ஒருவன், விழுந்ததும் அவன் மட்டும்தான், அதுவும் சொல்லி வைத்தாற்போல வெள்ளைக் கோட்டில். ஒதாரு விஷயத்தில் வடக்குத்தெரு சொன்னது சரி. மதிய விமானம்தான் எடுத்தோம், அதுவே பனியால் நான்கு மணி நேரம் தாமதம். காத்திருந்த நேரம் முழுக்க அந்த ஷின்கான்சென்காரன் ரயில் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்நேரம் நாம் எந்த ஸ்டேஷனில் இருப்போம் என்று வாசித்துக்கொண்டே இருந்தான்.