புதுப்பிப்பு: பரிசு அட்டை விற்றுக் கூரை போடும் கதை
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் கூரைக்காகப் பேரங்காடிப் பரிசு அட்டைகளை விற்கலாமா என்று முன்பு உங்களிடம் கேட்டிருந்தேன். விற்றோம். 50 வெள்ளி (ரிங்கிட்) அட்டையை 48 வெள்ளிக்கு மொத்தமாக வாங்கி, 50க்கே கொடுத்தோம். 240 அட்டைகளில் கோயிலுக்கு 480 வெள்ளி. சில தகரங்களுக்குத்தான் ஆகும்!

அதிகம் வாங்கியவர்கள் ஞாயிறு திருப்பலிக்கு வந்தவர்கள் அல்லர்; தீபாவளிச் சாமானுக்குப் புறப்பட்ட தோட்டத்து இந்துக் குடும்பங்கள். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கடன் கொடுக்காதீர்கள் என்று நீங்கள் எச்சரித்தீர்கள். கேட்கவில்லை. ஓர் அட்டைக்குப் பணம் வராவிட்டால் 25 அட்டைகளின் லாபம் போய்விடுகிறது. எனக்கு மூன்று பேர் பாக்கி. மூவருமே என் சொந்தக்காரர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் அடுத்த அட்டைக் கட்டு வருகிறது; இனி கையில் காசு, கையில் அட்டை.