படம் வராத கேம் கன்சோல்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

தாம்பரத்தான்:
எங்கள் வீட்டில் 2017-இல் வாங்கிய பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல் ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் கால் தடுக்கி, தொலைக்காட்சிக்குப் படத்தைக் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ கேபிள் இழுபட்டதிலிருந்து விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, ஆனால் படம் வருவதில்லை. வேறு கேபிள், வேறு தொலைக்காட்சி இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேபிள் செருகும் போர்ட்டை மாற்ற 3,500 ரூபாய் கேட்கிறார்கள். ஒரு மாதம்தான் உத்தரவாதமாம். புதிய தலைமுறைக் கருவியோ ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. இத்தனை பழைய கருவிக்குச் செலவழிப்பது தகுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கோவைவாசி:
வேண்டாம் என்பதே என் கருத்து. பழைய கருவியில் ஒரு பழுதைச் சரிசெய்தால் அடுத்தது காத்திருக்கும். என்னிடம் இருந்த கன்சோலுக்கு முதலில் மின்விசிறி, பிறகு ஹார்டு டிஸ்க், அதன்பின் டிஸ்க் டிரைவ் என்று மூன்று முறை பணம் கொடுத்தேன்; நான்காம் முறை உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டே போயிற்று. எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில், முன்விளக்கு சிவப்பு வளையமாக எரிந்து கருவி செயலிழந்த பழுதை நினைத்துப் பாருங்கள். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, அதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. வெளிக்கடைகளில் போர்டைச் சூடேற்றிச் சரிசெய்தவை சில வாரங்களிலேயே மீண்டும் செத்துப்போனதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

பணிமனை:
கோவை நண்பரே, இரு வேறு நோய்களுக்கு ஒரே மருந்துச் சீட்டை எழுதுகிறீர்கள். கருவி இயங்கும்போது சூடாகி, நிறுத்தியதும் குளிர்ந்து, மீண்டும் மீண்டும் விரிந்து சுருங்கியதில் சிப்பின் உறைக்குள்ளிருந்த இணைப்புகள் முறிந்ததே எக்ஸ்பாக்ஸ் 360-இன் பழுது என்று அந்நிறுவனமே 2021-இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் விளக்கியது. சிப்புக்குள் இருக்கும் முறிவை வெளியிலிருந்து சூடேற்றி நிரந்தரமாகச் சரிசெய்ய இயலாது. அந்த வேலைக்கு யார் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். இங்கு நடந்திருப்பது கேபிள் இழுபட்ட காயம். எச்.டி.எம்.ஐ போர்ட்டில் 19 பின்கள் உண்டு. அவற்றுள் சில வளைந்தாலோ, போர்டில் பற்றவைத்த இடத்திலிருந்து விட்டுப்போனாலோ, மற்றதெல்லாம் நலமாக இருந்தும் படம் வராது. பழைய போர்ட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைப்பது கைதேர்ந்தவருக்கு ஒரு மணி நேர வேலை. டார்ச் அடித்துப் போர்ட்டின் உள்ளே பாருங்கள். பின் வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் 3,500 ரூபாய் நியாயமான தொகை. பின்கள் நேராக இருந்தால் போர்ட்டுக்குப் பின்னாலுள்ள, படத்தை அனுப்பும் சிறு சிப்பான ஐசி-யையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதையும் மாற்ற வேண்டுமென்றால் செலவு கூடும், அப்போது மறுபடி யோசிக்கலாம்.

தாம்பரத்தான்:
பார்த்தேன் ஐயா, இரண்டு பின்கள் வளைந்திருக்கின்றன. முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். நானும் மகனும் நான்கு ஆண்டுகளாக ஆடிய ஆட்டங்களின் சேமிப்புகள் அதில்தான் இருக்கின்றன. சந்தா கட்டாததால் இணையச் சேமிப்பகமான கிளவுடில் எதுவும் இல்லை. ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றிப் புதிய கருவியில் போட்டுக்கொள்ள முடியாதா?

பணிமனை:
முடியாது. பிளேஸ்டேஷன் 4 போன்ற கருவிகளில் டிஸ்கில் உள்ளவை அந்தந்தக் கருவிக்கென்றே பூட்டி எழுதப்படுகின்றன. வேறு கருவியில் மாட்டினால் அது டிஸ்கை முழுவதும் அழித்துப் புதிதாக எழுதவே கேட்கும். புதிது வாங்க முடிவு செய்தாலும், சேமிப்புகளை வெளியே எடுக்கவாவது பழையதில் ஒருமுறை படம் வரவேண்டும். எனக்கு விலைக் கணக்கைவிட இதுதான் பெரிய காரணம். பிள்ளையோடு உட்கார்ந்து ஆடிய நான்கு ஆண்டுகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கோவைவாசி:
சேமிப்புகள் பற்றித் தெரியாமல் எழுதிவிட்டேன். அந்த ஒரு காரணத்தை ஏற்கிறேன். ஆனால் ஒரு மணி நேர வேலை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். சுடுகாற்று வீசும் ஹாட் ஏர் துப்பாக்கியைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் போர்டில் மின்சாரம் ஓடும் மெல்லிய கோடான டிராக் பெயர்ந்துவிடும், பக்கத்திலுள்ள சிறு பாகங்கள் பறந்துவிடும். இக்கருவிகளுக்கு உதிரி பாகமும் வரைபடமும் வெளியாருக்குத் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டமும் பலமாக இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியாவின் பழுதுபார்ப்பு உரிமைச் சட்டமே கேம் கன்சோல்களை விலக்கி வைத்திருக்கிறது. உங்களிடமுள்ள ஆட்ட வட்டுகளை நினைத்தும் புதிது வாங்கத் தயங்க வேண்டாம். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, முந்தைய தலைமுறையின் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை இயக்குகிறது.

வாசகசாலை:
ஒரு சொல். உலகில் 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் கால்பங்குகூட இல்லை. இரண்டு பின்கள் வளைந்ததற்காக முழுக் கருவியையும் அந்தக் குவியலில் சேர்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கோவைவாசி:
அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அரைகுறை வேலையால் போர்டு கெட்டால் அதே குவியலுக்குத்தான் போகும், 3,500 ரூபாயும் சேர்ந்து போகும். கடையைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பணிமனை:
அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். மைக்ராஸ்கோப் வைத்து வேலை செய்கிறார்களா என்று பாருங்கள். முன்பு மாற்றிய போர்ட்டின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள். எப்படியும் கருவியைத் திறக்கிறார்கள் என்பதால் தூசியைத் தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

தாம்பரத்தான்:
அனைவருக்கும் நன்றி. அந்தக் கடையில் மைக்ராஸ்கோப் இருக்கிறதாம், தொலைபேசியில் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை மகனையும் அழைத்துக்கொண்டு போய், கழற்றும்போது உடன் இருக்கப் போகிறேன். ஐசி-யும் போயிருந்தால் செலவைக் கேட்டு, அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுவேன். படம் வந்துவிட்டால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சேமிப்புகளை யு.எஸ்.பி-யில் நகலெடுப்போம், 64 ஜி.பி பென்டிரைவ் ஒன்றை மகன் இப்போதே எடுத்து வைத்துவிட்டான்.