தாத்தாவின் கை டிரில்: அழுத்தினால் பல் தவ்வுகிறது, சக் திறக்கவில்லை. வழி சொல்லுங்கள்

கேள்வி (ஒத்தக்கடை)

வணக்கம். மதுரை யானைமலைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையில் இருக்கிறேன். மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை போட்டு, லீவு நாட்களில் நடைவண்டி, அஞ்சறைப் பெட்டி என்று சின்னச் சின்ன மரவேலை பழகிவருகிறேன். போன மாதம் மேலூர் பக்கம் எங்கள் ஊர் வீட்டைப் பிரித்தபோது பரணில் தாத்தாவின் கை டிரில் கிடைத்தது. அவர் தச்சு வேலை செய்தவர். எங்கள் வீட்டு நிலைக்கதவுக்கு இதை வைத்துத்தான் ஓட்டை போட்டார் என்று அம்மா சொல்கிறார்.

பக்கவாட்டில் பெரிய பல் சக்கரம், அதில் சுற்றுகிற பிடி, மேலே மரக் கைப்பிடி, கீழே ஓட்டை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கிற மூன்று தாடை சக். சக்கரத்தில் சிவப்புப் பெயிண்ட் பாதி போய்விட்டது. எழுத்தும் அழிந்துவிட்டது. சும்மா சுற்றினால் ஓடுகிறது. மரத்தில் வைத்து அழுத்தினால் கடகடவென்று பல் தவ்வுகிறது. சக்கின் தாடை பாதி மூடிய நிலையில் இறுகிக் கிடக்கிறது. மேல் கைப்பிடியும் லேசாக ஆடுகிறது.

தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன், பயனில்லை. ஒரு பட்டறையில் கொடுத்தேன். அங்கே சக்கின் மேல் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, அடையாளம் விழுந்ததுதான் மிச்சம். மனசு கேட்காமல் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். அலமாரியில் அழகுக்கு வைக்க எனக்கு ஆசையில்லை. அவர் செய்த மாதிரி இதில் வேலை செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்? மொத்தமாகப் புளித் தண்ணீரில் ஊறப் போடலாமா?

பதில் (வாடிப்பட்டி)

அக்கா, புளியை விட எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) நல்லது. மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டால் துரு எல்லாம் கழன்றுவிடும். பல் தவ்வுவதற்கு எனக்குத் தெரிந்து பல் தேய்ந்ததுதான் காரணம். புதுச் சக்கரம்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

பதில் (பழங்காநத்தம், மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன்)

அம்மா, முதலில் சுத்தியலைத் தூர வை. பெரிய சக்கரம் வார்ப்பு இரும்பு. அது வளையாது, விரிசல் விடும். விரிசல் விட்டால் பிறகு சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

தம்பி சொன்ன எலுமிச்சை உப்பு சரிதான். ஆனால் முழு டிரில்லையும் அப்படியே போடக் கூடாது. மரம் ஊதிவிடும், உள்ளே போன தண்ணீர் ஷாஃப்டில் (சக்கைச் சுற்றும் நடுத்தண்டில்) தங்கி மறுபடி துருப்பிடிக்கும். கழற்றிய இரும்புப் பாகங்களை மட்டும் போடலாம். சக்கின் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கைப் போடவே போடாதே. அமிலத்தில் கிடந்த ஸ்பிரிங் நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். வெளியே எடுத்ததும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசிவிடு. அரை நாள் விட்டாலும் செம்பழுப்பாகப் புதுத் துரு பூத்துவிடும்.

அந்தச் சிவப்புப் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசி மூச்சில் போகும். ஈரத்துணியால் துடைத்து அப்படியே விடு.

தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகக் கெட்டுப்போய், தூசியைச் சேர்த்துப் பிசினாகும். அதை மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு நன்றாகக் கழுவு. மசகுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும்.

இப்போது சக். பிட் செருகும் வாய் மேலே பார்க்கும்படி டிரில்லை நிறுத்தி, டீசலும் என்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து வாயில் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு ராத்திரி வை. மறுநாள் சக்கின் பின்பாகத்தை இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் வைத்து வைஸில் பிடி. பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு திருகாதே, பல்லுக்கு ஆகாது. முன் உறை மீது கொதிக்கிற தண்ணீர் ஊற்று. உறை விரிந்து கொடுக்கும். ஈரத்தைத் துடைத்து, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடித்துத் திருகு. பிட் முனை உன்னைப் பார்த்து இருக்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. வரவில்லை என்றால் எண்ணெய், வெந்நீர், திருகல் என்று மறுபடி மறுபடி செய். மூன்றாவது நாள் வந்தாலும் வெற்றிதான்.

பல் தேய்ந்தது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஒரு சோதனை சொல்கிறேன். மரத்தில் வைத்து அழுத்திச் சுற்றும்போது, இன்னொருவர் பெரிய சக்கரத்தின் கீழ் விளிம்பை வெளிப்பக்கத்திலிருந்து ஒரு மரக்குச்சியால் சட்டத்தை நோக்கி லேசாகத் தள்ளட்டும். விரலை வைக்கக் கூடாது. தவ்வல் நின்றுவிட்டால் பல் நன்றாக இருக்கிறது, சக்கரம்தான் விலகுகிறது என்று அர்த்தம். அப்புறம் பெரிய சக்கரத்துப் பல்லையும், அது சுற்றிவிடுகிற ஷாஃப்டில் இருக்கும் சின்னச் சக்கரத்துப் பல்லையும் எண்ணிச் சொல்லு.

கேட்டவர் (ஒத்தக்கடை)

ஐயா, மிகவும் நன்றி. இரண்டாவது நாள் சாயங்காலம் சக் திறந்துவிட்டது. திருகு இளகிய அந்த நொடியில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உள்ளே தாடைகள் மூன்றும் நன்றாக இருக்கின்றன. நடுவில் இருந்த மூன்று குட்டி ஸ்பிரிங்கில் இரண்டு துண்டு துண்டாக வந்தன. பல் எண்ணிக்கை: பெரியது 60, சின்னது 15. நீங்கள் சொன்ன சோதனையையும் என் தம்பியை வைத்துச் செய்தேன். மாயம் மாதிரி இருந்தது. தள்ளிப் பிடித்தால் ஒரு தவ்வல் கூட இல்லை, விட்டால் உடனே கடகட. சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் ஏறக்குறைய 1 மி.மீ. ஆடுகிறது.

இன்னொரு சந்தேகம். சட்டத்தின் மேல்பக்கம், கைப்பிடிக்குக் கீழே ஒரு காலி ஓட்டை இருக்கிறது. எண்ணெய் விடும் ஓட்டையா?

பதில் (பழங்காநத்தம்)

எண்ணெய் ஓட்டை இல்லையம்மா. அங்கே ஒரு பாகம் காணாமல் போயிருக்கிறது. அதுதான் மொத்தக் கதையும்.

60க்கு 15 என்றால் பிடி ஒரு சுற்று சுற்றினால் பிட் நான்கு சுற்று. நீ நிமிடத்துக்கு 70 சுற்று சுற்றினால் பிட் 280 சுற்றும். மரத்துக்கு அது தாராளம். ஆனால் நீ அழுத்திச் சுற்றும் விசை வரும்போது சின்னப் பல் சக்கரம், பெரிய சக்கரத்தைத் தன்னிடமிருந்து வெளியே தள்ளும். சக்கரத்தின் கீழ் விளிம்பு சட்டத்தை விட்டு விலகும், மேல் விளிம்பு சட்டத்தை நோக்கிச் சாயும். அந்தச் சாய்வைத் தடுக்கத்தான் மேலே இரண்டாவதாக ஒரு சின்னப் பல் சக்கரம் வைப்பார்கள். அதற்கு பிட்டைச் சுற்றுகிற வேலை கிடையாது. சும்மா சுழன்றுகொண்டு பெரிய சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும். உன்னுடையதில் அது இல்லை. முட்டு இல்லாத சக்கரம் சாய்கிறது, பல் நுனி மட்டும் பிடிக்கிறது, தவ்வுகிறது.

கைப்பிடியின் மேல்மூடி திருகித் திறக்கும் வகையா பார். பல கை டிரில்களில் கைப்பிடி உள்ளே குழாய் மாதிரி காலியாக இருக்கும், பிட் போட்டு வைக்க.

பதில் (திருநகர்)

சகோதரி, ஸ்பிரிங்குக்கு அலைய வேண்டாம். பால் பாயிண்ட் பேனாவில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பழைய துண்டின் நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். நான் என் அப்பாவின் டிரில்லுக்கு அப்படித்தான் போட்டேன், நன்றாகத் திறந்து மூடுகிறது. மூன்றையும் ஒரே பேனா வகையிலிருந்து எடுங்கள். ஒன்று வலுவாகவும் மற்றது தளர்ந்தும் இருந்தால் தாடை கோணலாகத் திறக்கும். கோக்கும்போது தாடைகளில் கொஞ்சம் கிரீஸ் தொட்டு ஒட்டவைத்து, உறையைக் கீழிருந்து மேலாக ஏற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஓடாது.

மேல் மூடி திறக்கவில்லை என்றால் வெயிலில் வையுங்கள். சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கித்தான் கைப்பிடி ஆடவும் செய்யும். அந்த ஆட்டத்தை ஃபெவிகால் ஊற்றி அடைக்காதீர்கள், பிறகு கழற்றவே முடியாது.

கேட்டவர் (ஒத்தக்கடை)

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. மூடி திறந்தது. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி இரண்டு பிட், அதோடு ஒரு சின்னப் பல் சக்கரம், அதை மாட்டும் பின் ஆணி. சக்கரத்தில் வரிசையாக மூன்று பல் உடைந்திருக்கிறது. தாத்தா அதைக் கழற்றி, தூக்கிப் போட மனமில்லாமல் பத்திரமாக வைத்திருக்கிறார். அவர் கடைசி வருடங்களில் டிரில் சரியாக ஓடவில்லை என்று சலித்துக்கொண்டது அம்மாவுக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இதையே திரும்பப் போடலாமா?

பதில் (பழங்காநத்தம்)

போடாதே. மூன்று பல் இல்லாத இடம் வரும்போது இடித்து மற்றப் பல்லையும் கொண்டுபோகும். ஆனால் அவர் எடுத்து வைத்தது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? ஓட்டை அளவு, நீளம், பின் ஆணி எல்லாமே கையில் இருக்கிறது.

புதிதாகப் பல் வெட்டவே தேவையில்லை. இந்த மேல் சக்கரம் வெறும் முட்டுதான் என்று சொன்னேன் இல்லையா? பல் இல்லாத உருளை போதும். சில கம்பெனிகள் இந்த இடத்தில் வெறும் உருளையைத்தான் வைத்தார்கள். கே. புதூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஏதாவது சின்ன லேத் பட்டறையில் கன்மெட்டலில் (ஒருவகை வெண்கலம்) கடைந்து தரச் சொல்லு. பல் நுனியில் உருண்டால் தடதடக்கும். பல் வரிசைக்கு உள்பக்கம் மழமழவென்று இருக்கும் வளையத்தில் உட்காரும்படி நீளத்தைக் குறைக்கச் சொல். விட்டத்தை முதலில் கொஞ்சம் அதிகமாக வைத்து, மாட்டிப் பார்த்து 0.1 மி.மீ. வீதம் குறைக்கட்டும். சக்கரம் இறுகாமல் சுற்ற வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. டிரில்லைக் கையோடு கொண்டுபோ, அளவை மட்டும் எழுதிக் கொடுத்து வராதே.

பெரிய சக்கரத்தின் அச்சுத் திருகுக்கு அடியில் மெல்லிய பித்தளை வாஷர் ஒன்று போட்டால் மிச்ச ஆட்டமும் போகும்.

பதில் (வாடிப்பட்டி)

ஐயா, பல் தேய்ந்தது என்று நான் அவசரப்பட்டுச் சொன்னது தவறு. முட்டு விஷயம் எனக்கும் இன்றுதான் தெரியும். அக்கா, ஷாஃப்டின் மேல்முனையில் சின்ன எஃகுக் குண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அழுத்தம் முழுவதையும் அதுதான் தாங்கும். தொலைந்திருந்தால் சைக்கிள் கடையில் அளவு பார்த்து வாங்கலாம். முன் சக்கரத்துக் குண்டு 3/16 அங்குலம், பின் சக்கரத்துக் குண்டு 1/4 அங்குலம்.

கேட்டவர் (ஒத்தக்கடை)

குண்டு இருந்தது, தம்பி. கறுத்த பழைய கிரீஸுக்குள் புதைந்து கிடந்தது. கழுவிப் புது கிரீஸ் வைத்தேன்.

புதூரில் ஒரு லேத்காரர் பொறுமையாக நான்கு முறை மாட்டிப் பார்த்துக் கடைந்து கொடுத்தார். பேனா ஸ்பிரிங்கும் பித்தளை வாஷரும் போட்டாயிற்று. மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் மெல்லிசாக இரண்டு முறை பூசினேன். தாத்தாவின் உள்ளங்கை தேய்த்த பள்ளத்தில் உப்புத்தாள் படவிடவில்லை.

நேற்று வேப்பம் பலகையில் முதலில் 3 மி.மீ., பிறகு 6 மி.மீ. ஓட்டை. ஒரு தவ்வல் இல்லை. நடைவண்டியின் அச்சுக்கு நான்கு ஓட்டையும் இதிலேயே போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பிடியைச் சுற்றிப் பார்த்தார். சத்தம் அப்படியே அன்றைக்கு மாதிரி இருக்கிறது என்றார்.

பதில் (பழங்காநத்தம்)

ரொம்ப சந்தோஷம் அம்மா. இரண்டே விஷயம். 6 மி.மீ.க்கு மேல் பெரிய பிட் போடாதே. ஓட்டை மறுபக்கம் வெளியே வரப்போகும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்துவிடு, பிட் அங்கேதான் மாட்டிக்கொண்டு பல்லை உடைக்கும். அந்த மூன்று பல்லும் அப்படிப் போயிருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் முக்கியம்: ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறி.

பதில் (திருநகர்)

அந்த உருளையின் அளவைப் போடுங்கள் சகோதரி. என் பெரியப்பா வீட்டில் இதே மாதிரி ஒன்று தவ்வுகிறது என்று ஓரமாகக் கிடக்கிறது.

கேட்டவர் (ஒத்தக்கடை)

என்னுடையதில் விட்டம் 14.6, நீளம் 9, ஓட்டை 5 மி.மீ. உங்களுடையதில் மாறலாம், கையில் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தே கடையச் சொல்லுங்கள். முதலில் கைப்பிடி மூடியைத் திறந்து பாருங்கள்.